பன்னாட்டு ஒப்பந்தமும் உள்ளூர்ச் சான்றும்: பூச்சிக்கொல்லி மேலாண்மை வரலாற்றில் இலங்கை (1980–2011)

ஆய்வுச் சுருக்கம்

வளரும் நாடுகளில் பூச்சிக்கொல்லிகளால் விளையும் தீங்கைக் குறைக்கும் நோக்கில் 1985 முதல் பன்னாட்டு நெறிமுறைகளும் ஒப்பந்தங்களும் உருவாயின. அவற்றின் நடுநாயகமாக அமைந்தது 'முன்னறிந்த ஒப்புதல்' என்னும் கோட்பாடு. இறக்குமதி செய்யும் நாடு, ஒரு நச்சுப்பொருளின் தன்மையை அறிந்த பின்னரே அதனை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்பது இதன் பொருள். இக்கோட்பாடு உருவான வரலாற்றையும், அதற்கு இணையாக இலங்கை மேற்கொண்ட படிப்படியான தடைகளின் வரலாற்றையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. பன்னாட்டு அமைப்புகள் அளவுகோலை வழங்கின. ஆயினும் அந்த அளவுகோல் உயிர்காக்கும் கருவியானது, உள்ளூர் மருத்துவமனைகளில் திரட்டப்பட்ட சான்றும் அதனைக் கொண்டு முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற அலுவலகமும் ஒன்றுகூடிய இடத்தில்தான் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பூச்சிக்கொல்லி, முன்னறிந்த ஒப்புதல், ரோட்டர்டாம் ஒப்பந்தம், இலங்கை, எண்டோசல்பான், பொதுநலவாழ்வு வரலாறு

முன்னுரை

தமிழக உழவர் வழக்கில் பூச்சிக்கொல்லிக்கு 'மருந்து' என்பதே பெயர். தெளிப்பதை 'மருந்து அடித்தல்' என்பர். விற்கும் கடை 'மருந்துக்கடை' எனப்படும். இலங்கைத் தமிழில் 'பீடைகொல்லி', 'பீடைநாசினி' என்னும் சொற்கள் வழங்குகின்றன. கொல்லும் தன்மையைச் சுட்டும் சொல் ஆவணத்தில் நிற்க, நோய் தீர்ப்பதைச் சுட்டும் சொல் வயலில் வழங்குவது வெறும் சொல்வழக்குச் செய்தியன்று. ஒரு பொருளைப் பற்றி அரசு அறிந்திருப்பதற்கும் அதனைக் கையாளும் மனிதர் அறிந்திருப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை அது காட்டுகிறது.

இத்தொலைவைக் குறைப்பதற்கெனப் பன்னாட்டு அரங்கில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயற்சிகள் நடந்துவருகின்றன. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் நடத்தை நெறிமுறை (1985), ரோட்டர்டாம் ஒப்பந்தம் (1998), ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் (2001) ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மாநாடுகளையும் தீர்மானங்களையும் வரிசைப்படுத்துவர். அவ்வரிசையில் வளரும் நாடுகள் உதவி பெறுவோராகவே தோன்றுகின்றன; அறிவை ஆக்கியோராகத் தோன்றுவதில்லை.

இப்பார்வை முழுமையானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதற்கு விடைகாண இலங்கை தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளது. பன்னாட்டு நெறிமுறை உருவாவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1980இல், பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை (1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம்) இயற்றிய நாடு அது. ஆய்வின் மேல் எல்லையாக 2011 கொள்ளப்பட்டமைக்குக் காரணம் உண்டு. எண்டோசல்பான் ரோட்டர்டாம், ஸ்டாக்ஹோம் ஆகிய இரு ஒப்பந்தப் பட்டியல்களிலும் இடம்பெற்றதும், இலங்கையின் மூன்றாம் கட்டத் தடைகள் நிறைவுற்றதும் அவ்வாண்டில்தான்.

1. ஒப்பந்தங்களுக்கு முந்தைய சூழல்

டிடிடியின் பூச்சிகொல்லும் ஆற்றலைப் பவுல் முல்லர் 1939இல் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசு பெற்றார். போருக்குப் பின் டிடிடியும் பாரத்தியான் முதலிய கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்களும் மலேரியா ஒழிப்பு, உணவு உற்பத்திப் பெருக்கம் என்னும் இரு நோக்கங்களின் வழியாக வளரும் நாடுகளுக்குள் நுழைந்தன. பொருள் வந்த விரைவில் சட்டம் வரவில்லை. 1958இல் கேரளத்தில், பாரத்தியான் கலந்த உணவுப்பொருளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டதோ 1968இல். அது நடைமுறைக்கு வந்தது 1971இல். பேரிடர் முன்னே செல்ல, சட்டம் பின்னே செல்லும் இந்த முறை பிற நாடுகளிலும் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததைக் காணமுடிகிறது.

ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962இல் வெளிவந்தது. அதன் பின் மேலை நாடுகளில் கட்டுப்பாடுகள் இறுகின. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1972இல் டிடிடியின் வேளாண் பயன்பாட்டைத் தடைசெய்தது. ஆயினும் உள்நாட்டுத் தடை ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. ஓரிடத்தில் விற்கத் தகாததெனக் கருதப்பட்ட பொருள் வேறிடத்தில் விற்பனைக்கு உரியதாயிற்று. இவ்விரட்டை நிலையைக் களையும் முயற்சியாக, அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பதவியிலிருந்து விலகுவதற்குச் சில நாள்கள் முன்னதாக, 1981 ஜனவரியில், அபாயப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். அடுத்து வந்த ரொனால்டு ரேகன் அதனை மறுமாதமே நீக்கினார். ஏற்றுமதி நாட்டின் மனமாற்றத்தை நம்பியிருப்பதன் பலவீனம் இந்நிகழ்வால் வெளிப்பட்டது.

அதே காலத்தில் மாற்றுக்குரல்கள் எழுந்தன. டேவிட் வெயரும் மார்க் ஷாபிரோவும் எழுதிய 'நச்சு வட்டம்' 1981இல் வெளிவந்தது. தடைசெய்யப்பட்ட நஞ்சு ஏற்றுமதியாகி, விளைபொருளில் ஏறி, ஏற்றுமதி செய்த நாட்டின் உணவுத்தட்டுக்கே திரும்புவதை அந்நூல் விளக்கியது. 1982 மே மாதம் மலேசியாவின் பினாங்கில் பூச்சிக்கொல்லிச் செயற்பாட்டு வலையமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. ஆசியத் துறைமுக நகர் ஒன்றில் இவ்வமைப்பு பிறந்தது நோக்கத்தக்கது. சுற்றுச்சூழல் அக்கறை மேலை நாடுகளில் தோன்றிக் கீழைநாடுகளுக்குப் பரவியது என்னும் எளிய வரைபடத்திற்குள் இந்நிகழ்வு அடங்குவதில்லை.

2. நெறிமுறையிலிருந்து ஒப்பந்தம் வரை (1985–1998)

1984 டிசம்பர் 2, 3ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வளிமம் கசிந்தது. அவ்வாலை உற்பத்தி செய்தது கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லி. பயன்பாட்டிடத்தில் மட்டுமன்றி உற்பத்தியிடத்திலும் தீங்கு உண்டென்பதை உலகம் உணர்ந்த அச்சூழலில், 1985 நவம்பரில் உணவு வேளாண்மை அமைப்பின் மாநாடு, பூச்சிக்கொல்லிகளின் வழங்கலும் பயன்பாடும் குறித்த பன்னாட்டு நடத்தை நெறிமுறையை ஏற்றது. இது சட்டக் கட்டாயம் அற்றது. அரசுகளும் நிறுவனங்களும் தாமே விரும்பிப் பின்பற்ற வேண்டியது.

இந்நெறிமுறையின் வரைவில் முன்னறிந்த ஒப்புதல் குறித்த விதி இடம்பெற்றிருந்தது. இறுதிக் கட்டத்தில் அது நீக்கப்பட்டது. ஏற்றுமதி நாடு தன் தடையைப் பற்றித் தகவல் தெரிவிப்பது என்னும் அளவிலேயே நெறிமுறை நின்றது. தகவல் தெரிவித்தலுக்கும் ஒப்புதல் பெறுதலுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதன்று. முன்னதில் பொருள் கப்பலேறிய பின்னும் கடிதம் வரலாம். பின்னதில் விடை வரும்வரை பொருள் காத்திருக்க வேண்டும். வளரும் நாடுகளும் மக்கள் இயக்கங்களும் தொடர்ந்து வற்புறுத்தியதன் விளைவாக 1987 மாநாடு அவ்விதியைச் சேர்க்க இசைந்தது. 1989இல் நெறிமுறை திருத்தப்பட்டது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் இலண்டன் வழிகாட்டு நெறிகளும் அதே ஆண்டில் அவ்வாறே திருத்தம் பெற்றன.

1992 ரியோ புவி உச்சிமாநாட்டின் செயல்திட்டம், விருப்ப நடைமுறையைச் சட்ட வலுவுள்ளதாக்க வேண்டுமென்னும் திசையைக் காட்டியது. 1998 செப்டம்பர் 10 அன்று நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2004 பிப்ரவரி 24 அன்று. இந்தியா 2005இலும் இலங்கை 2006இலும் அதில் இணைந்தன. நீக்கப்பட்ட ஒரு விதி, சட்டக் கட்டாயம் பெற்று மீள்வதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின என்பது இக்கால வரிசையால் புலனாகிறது.

3. ஒப்பந்தம் இயங்கும் முறையும் அதன் எல்லையும்

ரோட்டர்டாம் ஒப்பந்தம் எப்பொருளையும் தடைசெய்வதில்லை. அதன் மூன்றாம் இணைப்பில் ஒரு பொருள் சேர்க்கப்பட்டால், அப்பொருளின் தீங்கைச் சுருக்கி உரைக்கும் முடிவு வழிகாட்டு ஆவணம் உறுப்பு நாடுகளுக்கு அனுப்பப்படும். ஒவ்வொரு நாடும் இறக்குமதியை ஏற்பதா, மறுப்பதா, நிபந்தனையுடன் ஏற்பதா என்று விடையளிக்க வேண்டும். அவ்விடையை மதிப்பது ஏற்றுமதி நாட்டின் கடமை. 1998இல் அப்பட்டியலில் 27 பொருள்கள் இருந்தன.

ஒரு பொருள் பட்டியலுக்கு வர இரு வழிகள் உண்டு. முதலாவது, இருவேறு புவி வட்டாரங்களைச் சேர்ந்த குறைந்தது இரு நாடுகள் அதனைத் தடைசெய்தோ கடுமையாகக் கட்டுப்படுத்தியோ அறிவித்தல். இரண்டாவது, கடும் அபாயமுள்ள பூச்சிக்கொல்லிக் கலவையால் தன் மண்ணில் தீங்கு நேர்வதை வளரும் நாடு ஒன்று சான்றுகளுடன் முன்வைத்தல். இவ்விரண்டாம் வழி ஒப்பந்தத்தின் சிறப்புக்கூறு எனலாம். வயலில் நேர்ந்த பாதிப்பே இங்குச் சான்றாக ஏற்கப்படுகிறது.

முன்மொழிவுகளை வேதிப்பொருள் மறுஆய்வுக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும். ஆனால் பட்டியலில் சேர்க்க உறுப்பு நாடுகள் அனைத்தின் ஒருமித்த இசைவு தேவை. ஒரு நாடு மறுத்தாலும் பொருள் பட்டியலுக்கு வெளியே நிற்கும். எண்டோசல்பான் 2008 மாநாட்டில் இவ்வாறே நின்றது. இந்தியா அதனை எதிர்த்தது. எண்டோசல்பானைப் பெருமளவில் உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்த நாடு இந்தியா. அதே இந்தியாவின் காசர்கோடு மாவட்டத்தில்தான், முந்திரித் தோட்டங்களில் இருபதாண்டுகளுக்கும் மேலாக வானூர்தி வழியாக எண்டோசல்பான் தெளிக்கப்பட்டு, ஊர்மக்கள் கடும் பாதிப்புக்கு உள்ளாயினர். 2011 மே 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டிற்கும் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டிலேயே அது இரு பன்னாட்டுப் பட்டியல்களிலும் சேர்ந்தது.

பாராகுவாட் களைக்கொல்லியின் நிலை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. புர்கினா ஃபாசோ நாடு தன் உழவரிடையே கண்ட பாதிப்புகளைச் சான்றாக வைத்து அதன் செறிவுமிகு கலவையை முன்மொழிந்தது. 2011இல் மறுஆய்வுக் குழு அதனைப் பரிந்துரைத்தது. 2013 முதல் அடுத்தடுத்த மாநாடுகளில் ஒருமித்த இசைவு கிட்டவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2007இலேயே பாராகுவாட்டிற்கான அனுமதி நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியிருந்தது.

முன்னறிந்த ஒப்புதல் என்னும் கோட்பாடு, ஏற்றுமதி செய்வது செல்வ நாடு, இறக்குமதி செய்வது ஏழை நாடு என்னும் 1980களின் காட்சியிலிருந்து பிறந்தது. உற்பத்தியாளராகவும் பாதிக்கப்பட்டோராகவும் ஒரே நாடு இருக்கும்போது, அந்நாட்டின் சார்பில் ஒப்புதல் அளிப்பது யார் என்னும் வினாவிற்கு அக்கோட்பாட்டில் விடை இல்லை.

4. இலங்கை: கணக்கெடுப்பிலிருந்து தடை வரை

இலங்கையில் தற்கொலை விகிதம் 1950 முதல் 1995 வரை ஏறத்தாழ எட்டு மடங்கு உயர்ந்தது. 1995இல் அது இலட்சம் பேருக்கு 47 என்னும் அளவை எட்டியது. பசுமைப் புரட்சியோடு சிற்றூர் வீடுகளுக்குள் நுழைந்த பூச்சிக்கொல்லி இவ்வுயர்வில் பெரும்பங்கு வகித்தது. இச்சிக்கலை முதலில் எண்ணால் அறியத் தந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் இலங்கையரான மருத்துவ அறிஞர் ஜெயரத்தினம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிக்கொல்லி நஞ்சால் மருத்துவமனைகளில் சேர்க்கப்படுவதையும் அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் இறப்பதையும் அவரும் உடன் ஆய்வாளரும் 1982இல் உலக நலவாழ்வு அமைப்பின் இதழில் வெளியிட்டனர். 1990இல் அவர் வெளியிட்ட உலகளாவிய மதிப்பீடு, ஆண்டுக்கு 30 இலட்சம் கடும் நஞ்சுபாதிப்புகளும் 2,20,000 இறப்புகளும் நேர்வதாகக் கூறியது. பன்னாட்டு ஆவணங்களில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்ட இம்மதிப்பீட்டிற்குப் பின்னால், ஒரு சிறிய நாட்டின் மருத்துவமனைப் பதிவேடுகளில் தொடங்கிய பணி நிற்கிறது.

1980ஆம் ஆண்டுச் சட்டம் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் என்னும் பதவியை உருவாக்கியது. பதிவு பெறாத எதனையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ இயலாது. பதிவை மறுக்கவும் நீக்கவும் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. வேளாண்மைத் துறையோடு இணைந்த இவ்வலுவலகம் மூன்று கட்டங்களில் செயற்பட்டதாக வகுத்துக் காணலாம்.

முதற்கட்டத்தில், 1984இல் பாரத்தியானும் மெத்தில் பாரத்தியானும் விலக்கப்பட்டன. தொடர்ந்து, உலக நலவாழ்வு அமைப்பின் வகைப்பாட்டில் முதல் வகையில் இடம்பெற்ற கடும் நஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1995இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகியன நீக்கப்பட்டதோடு அவ்வகை முழுவதும் சந்தையை விட்டு வெளியேறியது.

இரண்டாம் கட்டம், தடை ஒன்று புதிய சிக்கலைத் தோற்றுவித்ததால் எழுந்தது. உழவர் மாற்றாக எண்டோசல்பானுக்கு நகர்ந்தனர். 1994இல் ஒன்றாகப் பதிவான எண்டோசல்பான் இறப்பு, 1998இல் 50ஆக உயர்ந்தது. இவ்வுயர்வைப் பதிவேடுகள் உடனுக்குடன் காட்டியமையால் 1998இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளில் இறப்பு மூன்றாகக் குறைந்தது. பன்னாட்டுப் பட்டியல்கள் எண்டோசல்பானை ஏற்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது.

மூன்றாம் கட்டத்தில், 2008 முதல் 2011 வரை டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட் ஆகியன படிப்படியாக விலக்கப்பட்டன. பாராகுவாட்டில் முதலில் செறிவு குறைக்கப்பட்டு, பின்னரே முழுத்தடை வந்தது.

இத்தடைகளின் விளைவு அளந்தறியப்பட்டுள்ளது. 1986–1995 காலத்தோடு ஒப்பிட, 1996–2005 காலத்தில் 19,769 தற்கொலை இறப்புகள் குறைந்தன என்று கன்னெல் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. 2005இல் தற்கொலை விகிதம் உச்சநிலையில் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. 1995 முதல் 2015 வரை காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்பது பிற்கால மதிப்பீடு. உள்நாட்டுப் போரும் வேலையின்மையும் மணமுறிவும் இவ்வீழ்ச்சியை விளக்கப் போதுமானவையல்ல என்பதையும் 2007ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. விளைச்சல் வீழுமோ என்னும் அச்சமும் மெய்ப்படவில்லை. தடைகளை ஒட்டி நெல் முதலிய பயிர்களின் விளைச்சல் குறையவில்லை என்பதைப் பதிவாளராகப் பணியாற்றிய காமினி மனுவீரவும் உடன் ஆய்வாளரும் 2008இல் காட்டினர்.

நஞ்சுபாதிப்பிற்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் எண்ணிக்கை இக்காலத்தில் குறையவில்லை. இறந்தோர் எண்ணிக்கையே குறைந்தது. துயருற்ற ஒரு மனிதரின் துயரைச் சட்டம் நீக்கிவிடவில்லை. அத்துயர் கணத்தில் கைக்கெட்டும் பொருள் உயிரைப் பறிக்காதிருக்கச் செய்தது. சிகிச்சைக்கும் குடும்பத்தின் அரவணைப்பிற்கும் மனமாற்றத்திற்கும் அது காலம் தந்தது.

5. அளவுகோலைத் திருத்திய சான்று

இலங்கை பயன்படுத்திய முதற்கருவி பன்னாட்டு அமைப்பு தந்ததே. பூச்சிக்கொல்லிகளை அபாய அளவால் வகைப்படுத்தும் முறையை உலக நலவாழ்வு அமைப்பு 1975இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடம் கட்டவும் நச்சியல் சோதனை நடத்தவும் வசதியற்ற ஒரு நாட்டிற்கு அது பேருதவி. முதல் வகை என்பதைச் சுட்டினாலே தடைக்குக் காரணம் கூறியதாகிவிடும். பன்னாட்டு ஒத்துழைப்பின் உண்மையான பயன் இங்கே தெளிவாகிறது.

ஆனால் அவ்வகைப்பாடு எலிகளில் நடத்திய சோதனைகளை அடிப்படையாகக் கொண்டது. எலிக்கு மிதமானது மனிதருக்கும் மிதமானதாக இருக்க வேண்டுமென்பதில்லை. இலங்கை மருத்துவமனைகளில் மைக்கேல் எடில்ஸ்டன் முதலியோர் 802 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவியது. இரண்டாம் வகை என்று ஒரே வரிசையில் வைக்கப்பட்ட மூன்று பூச்சிக்கொல்லிகளில், ஒன்றால் பாதிக்கப்பட்டோரில் இறந்தவர் 8 விழுக்காடு. மற்றொன்றில் 23 விழுக்காடு. 2010இல் 9,302 நோயாளிகளைக் கொண்டு வெளியான விரிவான ஆய்வும் ஒரே வகைக்குள் இத்தகைய பெருவேறுபாடுகளைக் கண்டது. மூன்றாம் கட்டத் தடையில் இடம்பெற்றவை இரண்டாம் வகைப் பொருள்களே. அளவுகோல் சொன்னதை விட்டு, படுக்கையருகே எழுதப்பட்ட பதிவேடு சொன்னதை இலங்கை பின்பற்றியது என்பது இதனால் விளங்கும்.

அறிவு மேலிருந்து கீழாக மட்டும் பாய்ந்தது என்னும் கருத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. பன்னாட்டு அமைப்பிடம் பெற்ற அளவுகோலை ஒரு வளரும் நாடு பயன்படுத்தியது. பயன்படுத்தியபோதே அதன் குறையைக் கண்டது. கண்டதை உலகிற்குத் திருப்பித் தந்தது.

6. ஒப்பீடும் எதிர்க்காட்டுகளும்

இலங்கை தனித்த நிகழ்வன்று. இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் பூச்சி அழித்தபோது, மிகுந்த தெளிப்பே இயற்கை எதிரிகளைக் கொன்று புகையானைப் பெருக்குகிறது என்பதை வயலாய்வுகள் காட்டின. 1986இல் அந்நாட்டு அதிபர் ஆணை 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடைவிதித்தது. 1989க்குள் பூச்சிக்கொல்லி மானியமும் நீங்கியது. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இங்கும் வயற்சான்றும் அரசின் உறுதியும் பன்னாட்டுத் துணையும் ஒன்றுகூடின.

மூன்றில் ஒன்று குறைந்தால் நேர்வதை மலேசியா காட்டுகிறது. அந்நாட்டுத் தோட்டங்களில் தெளிப்புப் பணி செய்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பாராகுவாட்டிற்குத் தடை அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2006இல் அது தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020இல்தான் நடைமுறையாயிற்று. சான்று இருந்தும் அதனை நிலைநிறுத்தும் நிறுவன உறுதி இல்லாவிடின் தடை நிலைக்காது.

சான்று இன்றி உறுதி மட்டும் இருந்தால் நேர்வதை இலங்கையே பிற்காலத்தில் காட்டியது. வடமத்திய மாகாணத்தில் பரவிய, காரணம் உறுதிசெய்யப்படாத சிறுநீரக நோயை ஒட்டி 2015இல் கிளைபோசேட் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதம் வேதி உரங்களோடு வேளாண் வேதிப்பொருள்களின் இறக்குமதி ஒருசேர நிறுத்தப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து உழவர் கொந்தளிக்க, அவ்வாண்டு நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. 1984 முதல் 2011 வரை ஒவ்வொரு பொருளாக, மாற்று உண்டா என்று ஆராய்ந்து நீக்கிய அதே நாட்டில் இது நிகழ்ந்தமை சிந்திக்கத்தக்கது.

இந்தியாவின் பட்டறிவு வேறு வகையானது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்துவது 2005இல் தடைசெய்யப்பட்டது; பிற பயிர்களுக்கான விற்பனை தொடர்ந்தது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில், அப்பொருள் கலந்த பள்ளி மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். இலங்கை அதனை விலக்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு பயிருக்கு ஆகாது, மற்றொன்றுக்கு ஆகும் என்னும் பகுதித்தடை தாளில் தெளிவானது. வீட்டு அலமாரியில் அத்தெளிவு இல்லை. இந்தியச் சட்டத்தின்படி மாநில அரசு ஒரு பூச்சிக்கொல்லியின் விற்பனையைக் குறுகிய காலத்திற்கு மட்டுமே நிறுத்த இயலும். தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு விதித்த 60 நாள் தடை இவ்வெல்லைக்கு உட்பட்டதே. சான்று திரளும் மருத்துவமனைகள் மாநிலத்திடமும், பதிவை நீக்கும் அதிகாரம் ஒன்றியத்திடமும் இருப்பது இங்குள்ள அமைப்புச் சிக்கல்.

இலங்கையின் வெற்றியை அப்படியே பிற நாடுகளுக்குப் பொருத்த இயலாது என்னும் மறுப்பு எழலாம். தீவு நாடாகவும் பூச்சிக்கொல்லியை இறக்குமதி செய்யும் நாடாகவும் இருப்பதால், துறைமுகத்தில் தடுத்தாலே அங்குத் தடை நிறைவேறிவிடும். உள்நாட்டு உற்பத்தி மிகுந்த இந்தியாவில் அவ்வாறு இயலாது. இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் அது தடையை நிறைவேற்றும் எளிமையைப் பற்றியது. எதனைத் தடைசெய்வது என்று தீர்மானித்த முறையைப் பற்றியதன்று. அம்முறைக்குத் தேவையானவை ஒழுங்கான மருத்துவமனைப் பதிவேடும் அதனைப் படிக்கும் பதிவாளரும் ஆவர். அவை தீவுகளுக்கு மட்டும் உரியவையல்ல.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. முன்னறிந்த ஒப்புதல் என்னும் கோட்பாடு வளரும் நாடுகளின் வற்புறுத்தலாலும் மக்கள் இயக்கங்களாலும் பன்னாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 1985இல் நீக்கப்பட்ட அது சட்ட வலுப்பெற 2004 வரை காத்திருக்க நேர்ந்தது.

2. ஒருமித்த இசைவு என்னும் விதியால் ஒப்பந்தப் பட்டியல் மெதுவாகவே வளர்கிறது. எண்டோசல்பானிலும் பாராகுவாட்டிலும் இலங்கையின் தேசியத் தடை பன்னாட்டு முடிவிற்கு முந்தியது. ஆகவே பட்டியலுக்காகக் காத்திருப்பது உயிர்க்காப்புக் கொள்கையாகாது.

3. பன்னாட்டு அமைப்பு தந்த வகைப்பாடு முதற்கட்டத் தடைகளுக்கு உதவியது. அதன் குறையை நிறைவு செய்தது உள்ளூர் மருத்துவமனைச் சான்று. ஒத்துழைப்பு என்பது இருவழிப் பரிமாற்றமாக அமைந்தபோதே பயன் விளைந்தது.

4. சான்று, அதிகாரமுள்ள அலுவலகம், பன்னாட்டுத் துணை ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் தடை தளர்கிறது அல்லது தவறிப்போகிறது. மலேசியா (2002–2020), இலங்கை (2015, 2021), இந்தியா (2013) ஆகியவற்றின் பட்டறிவுகள் இதனை உணர்த்துகின்றன.

பூச்சிக்கொல்லிப் புட்டியின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் வண்ணங்களால் அபாய அளவைக் காட்ட இந்திய விதிகள் வகைசெய்துள்ளன. அவ்வண்ணங்களின் பொருளை அறியாத ஒருவர் அதனை 'மருந்து' என்றே அழைத்துத் தம் வீட்டிற்குள் வைக்கிறார். ரோட்டர்டாமில் ஒப்பமிட்டவை அரசுகள். ஒப்புதல் கேட்கப்படாதவர் அவர். அவருடைய உடலில் நேர்வதை எழுதிவைக்கும் பதிவேடு ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முறையாகப் பேணப்பட்டு, தடைவிதிக்கும் அதிகாரமுடையோரின் மேசைக்குச் செல்லுமாயின், அவருடைய குரலும் ஒப்புதலில் சேர்ந்ததாகக் கொள்ளலாம். தமிழக மாவட்ட மருத்துவமனைகளின் நஞ்சுபாதிப்புப் பதிவேடுகளை இந்நோக்கில் ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுக்களமாகும்.